பொழுது பட்டதைச் சொன்ன விளக்கு

மட்டக்களப்பு வாவிக்கு இரண்டு கரை. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, விழும் பக்கம் படுவான்கரை. நான் வேலை பார்த்த வான் ஆய்வகம் படுவான்கரையில், வயல்வெளியின் ஓரமாக இருந்தது. அதற்கு அரசாங்கக் காகிதங்களில் நீளமான ஒரு பெயர் உண்டு. ஊரவர்கள் அதைச் சட்டை செய்யாமல் ‘வெள்ளி பங்களா’ என்று வைத்துக்கொண்டார்கள். அந்தப் பக்கத்தில் நட்சத்திரத்தை வெள்ளி என்பார்கள். வட்டை என்னும் வயல்வெளிக்குப் போகிறவர்கள் வழியில் என்னைக் கண்டால், “என்ன, ராத்திரி எத்தின வெள்ளி எண்ணின நீங்க?” என்று கேட்டுச் சிரிப்பார்கள். எனக்கு மூக்கின் மேல் கோபம். நான் வெள்ளி எண்ணுகிறவன் இல்லை, மின்சாரப் பொறியியலாளன் என்று நின்று விளக்குவேன். அவர்கள் இன்னும் அதிகமாகச் சிரிப்பார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபத்தெட்டு வயது. ஏறாவூரில் புடைவைக் கடை வைத்திருந்த வாப்பாவின் காசில் கொழும்பில் படித்துவிட்டு வந்திருந்தேன். ஆய்வகத்தின் தலைவர் ஒரு வெள்ளைக்காரத் துரை. அவர் வானத்தைப் பார்ப்பார், நான் வயரைப் பார்ப்பேன். எண்ணெய் எஞ்சின், டைனமோ, அமிலம் நிரப்பிய கண்ணாடி பற்றரிகள், இவற்றோடு மணிக்கூடுகளும் என் பொறுப்பு. இவற்றில் நான் தலையில் தூக்கி வைத்து ஆடியது மணிக்கூடுகளைத்தான்.

தடித்த சுவர்களுக்கு நடுவே, காற்றுப் புகாத அறையில் தாய் மணிக்கூடு இருந்தது. துரை நட்சத்திரங்களைப் பார்த்து அதைச் சரிபார்ப்பார். வெவ்வேறு அறைகளில் ஐந்து பிள்ளை மணிக்கூடுகள். அரை நிமிடத்துக்கு ஒருமுறை தாயிடமிருந்து கம்பி வழியாக ஒரு மின்துடிப்பு போகும். உடனே பிள்ளைகளின் முள் அரை நிமிடம் தாவும். பிள்ளைகளுக்குச் சொந்த புத்தி கிடையாது, தாய் தட்டினால் தாவும், அவ்வளவுதான். வருகிற போகிறவர்களுக்கெல்லாம் இதைக் காட்டி, “மனிசன் பொய் சொல்லலாம், இது சொல்லாது” என்று பெருமை அடிப்பேன். அந்தப் பேச்சை இப்போது நினைத்தாலும் காது கூசுகிறது.

நோன்பு மாதத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போது எழுவான்கரையிலுள்ள காத்தான்குடியிலிருந்து ஒரு மோதினார் தோணியேறி வந்தார். பள்ளிவாசலில் ஐந்து வேளையும் வாங்கு சொல்லித் தொழுகைக்கு அழைக்கிறவர். அறுபதை நெருங்கும் மெலிந்த மனிதர். அவருடைய குரல் எனக்கு முன்பே பழக்கம். காற்று வாகாக அடிக்கும் நாட்களில் வாவியைக் கடந்து எங்கள் கரைக்கு வரும். எஞ்சினை நிறுத்திவிட்டுக் கேட்டிருக்கிறேன். அந்தக் குரலுக்குரிய ஆளை இத்தனை சின்ன உருவத்தில் நான் எதிர்பார்க்கவில்லை.

“உங்கட கண்ணாடிக்குள்ளால ஒருக்காப் பார்க்கலாமா மனே?” என்றார்.

துரையின் சிறிய தொலைநோக்கி ஒன்று விறாந்தையில் முக்காலியின் மேல் நின்றது. அவருடைய பள்ளிவாசலையே அவருக்குக் காட்டினால் சந்தோசப்படுவார் என்று, குழலின் மேலால் குறி பார்த்து அக்கரை மினாராவை நோக்கித் திருப்பிவிட்டேன். அவர் குனிந்து, கண்ணை வைத்து, வெகுநேரம் பார்த்தார்.

“மாஷா அல்லாஹ்! எங்கட பள்ளி எவ்வளவு வடிவாத் தெரியுது!”

அப்போதுதான் கவனித்தேன். குழலின் முன்பக்கத்துப் பித்தளை மூடியை நான் கழற்றவே இல்லை.

சிரிப்பு தொண்டை வரை வந்துவிட்டது. நல்ல வேளை, அவருடைய கையைப் பார்த்தேன். நிமிரும்போது அந்தக் கை பக்கத்திலிருந்த கதிரையைத் தேடிக் காற்றில் துழாவியது. வந்த சிரிப்பு அப்படியே உள்ளே போய்விட்டது. மெதுவாக மூடியைக் கழற்றினேன். “இப்பப் பாருங்க, இன்னும் கொஞ்சம் திருத்தியிருக்கன்” என்றேன். அவர் மறுபடி குனிந்தார். ஆனால் இந்த முறை உடனே நிமிர்ந்துவிட்டார். கதிரையில் உட்கார்ந்து, குடையை மடியில் வைத்துக்கொண்டார்.

“மூடி கழற்றின சத்தம் கேட்டிச்சு மனே.”

கையிலிருந்த மூடியை முக்காலிக்குக் கீழே வைத்தேன்.

அவரே சொன்னார். இரண்டு வருடமாகக் கண்ணில் திரை விழுகிறது. பகலில் ஆட்களின் உருவம் தெரியும், முகம் தெரியாது. பொழுது படுவதை வெயில் முகத்தை விட்டு விலகுவதை வைத்துக் கணிக்கிறார். மற்ற வேளைகளுக்குப் பள்ளிவாசல் மணிக்கூடு போதும், யாராவது நேரம் சொல்லிவிடுவார்கள், ஒன்றிரண்டு நிமிடம் பிந்தினாலும் குற்றமில்லை. நோன்பு திறக்கிற வாங்குதான் அவருடைய கழுத்துக் கத்தி. சூரியன் இறங்கும் முன் சொன்னால் அத்தனை பேருடைய நோன்பும் வீண். பிந்தவும் மனம் வராது, சனம் பேரீச்சம்பழத்தை வாயருகே பிடித்துக்கொண்டு காத்திருக்கும். இந்த வருடமோ நோன்பு மாரியில் வருகிறது. மழை இருட்டில் வெயில் ஏது?

“உங்கட கண்ணாடிக்குள்ளாலயாவது தெரியுமோ எண்டுதான் வந்த நான். பள்ளி மரைக்கார்மாருக்குத் தெரிஞ்சா வேற ஆளப் போட்டிருவாங்க. முப்பது வருசம். வாங்கு சொல்லாட்டி நான் ஆரு மனே?”

தொலைநோக்கி தூரத்தைத்தான் கிட்டே கொண்டுவரும், திரையை விலக்காது என்று அவருக்குச் சொல்ல என்னால் முடியவில்லை. அதற்குப் பதிலாக வாயில் வந்ததைச் சொன்னேன்: “ஒரு பெரிய விளக்குப் போட்டா உங்களுக்குத் தெரியுமா?”

தெரியும் என்றார். வெளிச்சம் பஞ்சுப் பொதி மாதிரித் தெரியுமாம்.

அடுத்த பத்து நாளும் வேறு வேலை பார்க்கவில்லை. மழைக்காலத்தில் ஆய்வகத்துக்கும் பெரிய வேலை இருக்காது. காற்று அளக்கும் கொடிமரத்தின் உச்சியில், பழைய மோட்டார்க் காரின் முன்விளக்குகள் இரண்டைச் சோடியாகப் பொருத்தி அக்கரைக்கு முகம் வைத்தேன். கொடிமரத்தடியில் ஒரு சின்னக் கொட்டில். அதற்குள் சுவிட்சும் ஒரு பிள்ளை மணிக்கூடும். முகில் எவ்வளவு மூடினாலும் சூரியன் மறையும் நேரம் கணக்கில் மாறாது. துரை நாளுக்கு நாள் நேரத்தைக் கணித்து ஒரு தாளில் எழுதித் தந்தார். எதற்கென்று கேட்டவர், நான் சொன்னதும் புகைக்குழாயைக் கடித்துக்கொண்டு, அரை நிமிடம் கூட்டியே வைத்துக்கொள் என்றார். நல்ல மனிதர்.

பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார்மார் சம்மதித்தார்கள். அவர்களுக்கு நாங்கள் சொன்ன காரணம் முகில் மட்டும்தான். தலைமை மரைக்கார் ஒரு புடைவை வியாபாரி, நாக்கில் முள் வைத்தவர். “எங்கட புள்ள ஒண்டு படிச்சிற்று வந்து செய்யிற. செய்யட்டும்” என்றார். ஒத்திகை பார்த்த நாளில் நான் சுவிட்சைப் போட்டதும், மினாராவின் மேலிருந்து ஒரு வெள்ளைத் துணி அசைந்தது. தெரிகிறது என்று அர்த்தம். கொட்டிலுக்குள் நான் தனியாக நின்று கைதட்டினேன்.

நோன்பு தொடங்கியது. மாலையில் தாளைப் பார்ப்பேன், பிள்ளை மணிக்கூட்டைப் பார்ப்பேன், சுவிட்சைப் போடுவேன். மூன்று மூச்சு விடுவதற்குள் அக்கரையிலிருந்து அந்தக் குரல் மாரிக்காற்றோடு வந்து சேரும். அக்கரையில் வீட்டுக்கு வீடு நெசவு; அதுவரை ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும் தறிச் சத்தம் நின்றுபோகும். நானும் என் பேரீச்சம்பழத்தை வாயில் போடுவேன். வாழ்க்கையில் நான் செய்த எந்த வேலையும் அவ்வளவு இனித்ததில்லை.

ஒரு வேலையை மட்டும் நான் தவறாமல் செய்யவேண்டும். பிற்பகல் அசர் தொழுகைக்குப் பிறகு, கைக்கடிகாரத்தைத் தாய் மணிக்கூட்டோடு ஒப்பிட்டு எடுத்துப்போய், கொட்டிலில் உள்ள பிள்ளையைச் சரிபார்க்கவேண்டும். இரண்டு கிழமை சரிபார்த்தேன். மயிரிழை வித்தியாசம் இல்லை. பதினாறாம் நோன்பன்று மதியத்திலிருந்தே இடியும் மின்னலும் பிய்த்து வாங்கின. தாகம் வேறு. தாய் மணிக்கூடு பொய் சொல்லாது, இந்த மழையில் என்னத்துக்கு நனையவேண்டும் என்று கட்டிலில் சாய்ந்தவன் தூங்கிவிட்டேன். விழித்தபோது நேரம் நெருங்கிவிட்டது. குடையைப் பிடித்துக்கொண்டு கொட்டிலுக்கு ஓடி, முள்ளைப் பார்த்து, சுவிட்சைப் போட்டேன்.

வாங்கு கேட்டது. பழத்தை வாயில் போட்டேன். தண்ணீர் குடித்தேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மேற்கே திரும்பினேன்.

வயலின் கடைசியில் முகில் ஒரு கோடாகக் கிழிந்திருந்தது. அந்தக் கிழிசலில் சூரியன் நின்றது. முழுசாக, சிவப்பாக, தரையைத் தொட்டும் தொடாமலும்.

பேரீச்சம்பழக் கொட்டை வாயிலேயே இருந்தது. துப்பவும் தோன்றவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. தாய் மணிக்கூட்டு அறைக்கு ஓடினேன். பிள்ளை நான்கு நிமிடம் முந்தியிருந்தது. கொட்டிலுக்குப் போகும் கம்பி மட்டும் வெளியில், மரங்களுக்கு மேலால் போனது. பக்கத்தில் மின்னல் வெட்டும்போதெல்லாம் கம்பியில் ஒரு துடிப்புப் பிறந்திருக்கிறது. தாய் தட்டியதா, மின்னல் தட்டியதா என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்? எட்டுத் தட்டுக்கு எட்டுத் தாவல். பிள்ளையைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. தூங்கியவன் நான்.

எனக்கு முதலில் வந்த பயம் என்னைப் பற்றியதல்ல. மோதினார் மினாராவில் மேற்கே முகம் வைத்துத்தான் நின்றிருப்பார். அந்தக் கிழிசலை எழுவான்கரை முழுக்கக் கண்டிருக்கும். சூரியனை முன்னால் வைத்துக்கொண்டு வாங்கு சொன்ன மனிதரிடம் ஊர் என்ன கேட்கும் என்பது எனக்குத் தெரியும். விளக்குப் பிழைத்ததை மன்னித்தாலும் அந்தக் கேள்வி மிஞ்சும்.

மறுநாள் காலை முதல் தோணியில் அக்கரைக்குப் போனேன். அவர் பள்ளிவாசலின் தண்ணீர்த் தொட்டியான ஹவுளின் ஓரத்தில் உட்கார்ந்து, தொழுகைக்கு முன் உளுச் செய்து கைகால் கழுவும் அந்தத் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டிருந்தார். என் காலடியை வைத்தே ஆளை அறிந்துகொண்டார்.

“வா மனே.”

அதுவரை என்னை ‘நீங்க’ என்றவர் அன்றுதான் முதல்முறையாக ஒருமையில் கூப்பிட்டார். நான் அவர் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், தூங்கியதையும் சேர்த்து. சொல்லும்போது அழுதேன்.

“பகல் லுகர் தொழுகைக்குப் பொறகு கூட்டமாம்” என்றார். “மரைக்கார் வரச் சொல்லியிருக்கார்.”

“நான் ஒண்டு சொல்றன். வானத்தப் பார்க்கவே வேணாம், கண்ண மூடிற்று நில்லுங்க, விளக்கு எரிஞ்ச உடன வாங்கு சொல்லுங்க எண்டு நான்தான் சொன்ன எண்டு சொல்லுவம். கண் தெரியாத கதை வெளிய வராது.”

அவர் தலையை ஆட்டினார். “முழுப் பூசணிக்காயச் சோத்துக்குள்ள மறைக்க ஏலுமா? கண்ண மூடினவனுக்கு விளக்கு எப்பிடித் தெரியும் எண்டு கேப்பாங்க.” கொஞ்சம் சிரித்தார். “நோன்பு வாயால பொய் சொல்லாத மனே. ஒரு நோன்ப முறிச்ச, அது காணும். இன்னொண்டயும் முறிக்காத.”

லுகர் தொழுகைக்குப் பிறகு யாரும் எழுந்து போகவில்லை. வெளியே தறிகளின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் முதலில் எழுந்து நின்று என் பிழையைச் சொன்னேன். மின்னலைப் பற்றி விளக்கத் தொடங்கியதும் தலைமை மரைக்கார் கையைக் காட்டி நிறுத்தினார்.

“மின்னல் முழிச்சிக்கிட்டு இருந்திருக்கு. நீங்கதான் தூங்கியிருக்கிற.”

சில பேர் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு ஆறுதலாகக்கூட இருந்தது. ஆனால் அவர் உடனே மோதினாரின் பக்கம் திரும்பினார்.

“விளக்குப் பிழைச்சது சரி. நீங்க மேற்கப் பார்த்து நிண்ட. அந்த நேரம் சூரியன் தெரிஞ்சிச்சு, கடைத்தெருவுல நிண்ட எனக்கே தெரிஞ்சிச்சு. நீங்க என்னத்துக்கு வாங்கு சொன்ன?”

மோதினார் எழுந்தார். தூணில் கை வைத்துக்கொண்டார்.

“எனக்குக் கண் தெரியல்ல மரைக்கார். ரெண்டு வருசமாத் தெரியல்ல. மறைச்சி வெச்ச நான். இந்தப் புள்ள எனக்காகத்தான் விளக்குப் போட்ட. மோதின் வேலைய நான் விடுறன். எல்லாரும் என்னப் பொறுத்துக்கொள்ளுங்க.”

மரைக்கார் தாடியைத் தடவினார். பேசியபோது குரலில் கோபம்தான் இருந்தது.

“நபி நாயகத்திர காலத்துல, மதீனாப் பள்ளியில, கண் தெரியாத ஒருவர் வாங்கு சொன்னவர். ‘விடிஞ்சிற்று, விடிஞ்சிற்று’ எண்டு ஆக்கள் வந்து சொல்ற வரைக்கும் அவர் வாங்கு சொல்லமாட்டார். எத்தின தரம் இந்தக் கதைய எங்களுக்குச் சொல்லியிருக்கிற நீங்க?”

“சொல்லியிருக்கன். அவருக்கு வந்து சொல்ல ஆக்கள் இருந்தாங்க மரைக்கார். நான் ஆரிட்டக் கேக்கிற? கேட்டாத் தெரிஞ்சிருமே.”

“இப்பத்தான் தெரிஞ்சிற்றே!” மரைக்கார் கத்தியே விட்டார். “இனிக் கேளுங்க!”

தீர்ப்பு அவ்வளவுதான். வேலை போகவில்லை. என் விளக்கும் எரியட்டும் என்றார்கள். ஆனால் மினாராவில் கண் தெரிந்த ஒருவர் கூட நிற்பார், அவர் சொன்ன பிறகுதான் வாங்கு. முறிந்த நோன்புக்குப் பதிலாக ஒரு நோன்பைப் பெருநாளுக்குப் பிறகு களாவாக எல்லோரும் பிடிப்பது என்று முடிவானது. அவரவர் வசதிப்படி பிடிக்கலாம்தான். ஒன்றாக இழந்ததை ஒன்றாகவே பிடிப்போம் என்று தறிகாரர்கள் சொன்னார்கள். வெளியே வரும்போது மரைக்கார் என் தோளைப் பிடித்து, “அண்டைக்கும் தூங்கிராதீங்க” என்றார்.

அன்று மாலையே கொட்டிலிலிருந்த பிள்ளை மணிக்கூட்டைக் கழற்றினேன். மிச்ச நோன்புகளுக்குத் தாய் மணிக்கூட்டு அறையிலிருந்தே நேரம் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

களா நோன்பு பெருநாளுக்கு அடுத்த கிழமையில் வந்தது. மழை விட்டு வானம் துடைத்து வைத்தது போல இருந்தது. விளக்குக்கு அன்று வேலை இல்லை. என் கரையில் தனியாக உட்கார்ந்து நோன்பு திறக்க மனம் வராமல் தோணி ஏறினேன். தெருவில் நடந்தபோது பெண்கள் கஞ்சிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தார்கள். தறியில் இருந்தவர்களின் உதடுகள் வறண்டிருந்தன. என் நாலு நிமிடத்துக்காக ஊர் முழுவதும் பட்டினி கிடந்தது. ஒருவர்கூட என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

மினாராவின் படியில் மோதினார் எனக்காகக் காத்திருந்தார். “இண்டைக்கு நீ வந்து சொல்லு மனே” என்றார். கூட நிற்கவேண்டியவர் சிரித்துக்கொண்டே விலகி எனக்கு வழி விட்டார்.

மேலே ஏறினோம். முன்னால் வாவி, அதற்கு அப்பால் படுவான்கரை. எங்கள் வெள்ளைக் கூரை சின்னதாகத் தெரிந்தது. அதற்குப் பின்னால்தான் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. நான் கைக்கடிகாரத்தைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டேன்.

“பட்டுட்டா?”

“இல்ல. பாதி நிக்கிது.”

கொக்குகள் வாவியின் மேலால் போயின. அவர் முகத்தை வெளிச்சத்தின் பக்கம் வைத்துக்கொண்டு பொறுமையாக நின்றார்.

“இப்ப?”

“ஒரு நகத்தளவு இரிக்கி.”

கீழே முற்றத்தில் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் கையிலும் ஒரு பழம். சூரியனின் கடைசிச் சிவப்பு எங்கள் கூரைக்குப் பின்னால் போனது. போன பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. மனதுக்குள் அரை நிமிடம் எண்ணினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொருமுறை பார்த்தேன்.

“பட்டுட்டு மோதினார்.”

அவர் மறுபேச்சுக் கேட்கவில்லை. இரண்டு கையையும் காதில் வைத்தார். அந்தக் குரலை அத்தனை நாளும் நான் தண்ணீருக்கு அப்பால் நின்று கேட்டவன். பக்கத்தில் நின்று கேட்டபோது என் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. தறிகள் நின்றன. கீழே எல்லாக் கைகளும் ஒன்றாக வாய்க்குப் போயின.

வாங்கு முடிந்து அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு வாங்கியது.

“ரெண்டு வருசமா ஒவ்வொரு நாளும் பயந்து பயந்து சொன்ன வாங்கு மனே. உன்ட விளக்கு எரிஞ்ச நாளுகள்லயும் பயம்தான். இண்டைக்குத்தான் பயமில்லாமச் சொன்ன நான்.”

மடியில் முடிந்து வைத்திருந்த பேரீச்சம்பழத்தை எடுத்தார். ஒன்றுதான் இருந்தது. விரலால் தடவிப் பார்த்து இரண்டாகப் பிய்த்தார். என் கையைத் தேடிப் பிடித்து, பெரிய துண்டை அதில் வைத்தார்.